வளையம் எங்கே அறுந்தது?

புரட்டாசி முடிந்து முதல் மழை விழுந்ததும் எங்கள் வீட்டுப் பின்புறத்துப் புளியமரத்தில் ஒரு குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டசையில், கீச்சென்று மேலேறி முடியும் குரல். குரலுக்கு உரியவரைக் கண்ணால் பார்ப்பது அத்தனை சுலபமில்லை. இலை நிறத்தில், இலையளவில், இலைக்குப் பின்னாலேயே திரியும் பறவை. எடை ஒரு பவுன் தேறும். நெம்மேலியில் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் கிடக்கும் மணல்பட்டையில், சவுக்குத் தோப்பு விட்டுவைத்த வேம்பிலும் புளியிலும், இந்தப் பச்சைக் கதிர்க்குருவி பங்குனி வரை தனக்கென்று ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்று வந்தால் விரட்டி, புழு பூச்சி தின்று நாளைக் கழிக்கிறது. பிறகு வடக்கே போய்விடுகிறது.

உயிரினப் பரிணாமப் பாடநூல்களில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பறவைகளில் இது ஒன்று என்பதை அந்தப் புளியமரத்தடியில் நின்றால் நம்ப முடியாது. 'வளையச் சிற்றினம்' என்ற கருத்துக்கு உலகம் காட்டும் முதல் சாட்சி இதுதான். அந்தச் சாட்சியை முதலில் எழுதிவைத்தவை அருங்காட்சியக இழுப்பறைகள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு குறுக்கு விசாரணை செய்தவை மரபணுக்கள். விசாரணையில் சாட்சி முழுதாகப் பிழைக்கவில்லை, முழுதாகப் பொய்க்கவும் இல்லை. அந்தக் கதையையும், அதே கேள்வி மற்ற உயிர்களிடம் கேட்கப்பட்டபோது கிடைத்த விடைகளையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரை.

கருத்து என்னவென்று சொல்ல எனக்குப் பக்கத்திலிருக்கும் திருக்கழுக்குன்றமே போதும். மலையடிவாரத்தில் ஓரிடத்தில் இருந்து ஒரு குடும்பத்தார் இரண்டாகப் பிரிந்து, ஒரு சாரார் வலமாகவும் மறு சாரார் இடமாகவும் மலையைச் சுற்றக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் சுற்றி முடிப்பதில்லை. வழியெல்லாம் குடியேறி, பிள்ளை பெற்று, பல்லாயிரம் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறார்கள். அண்டை வீட்டோடு கொள்வினை கொடுப்பினை எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் பேச்சும் முகமும் இம்மியளவு மாறுகின்றன. மலையின் மறுபக்கத்தில் இரு சாராரும் சந்திக்கும்போது ஒருவரை ஒருவர் உறவென்று அறிவதில்லை, சம்பந்தம் பேசுவதுமில்லை. அந்த முனையில் நின்று பார்த்தால் அவை இரண்டு இனங்கள். வளையத்தைச் சுற்றி நடந்து பார்த்தால் எந்த இடத்திலும் கோடு கிழிக்க முடியாத ஓரினம். ஓரினம் இரண்டாவதற்கு நடுவில் கடலோ மலையோ வந்து முழுதாகப் பிரித்தே தீரவேண்டும் என்ற எண்ணத்துக்கு இது நேரடி மறுப்பு. டார்வினுக்குப் பிந்தைய உயிரியலுக்கு இதன் மீது இத்தனை ஆசை வந்ததற்குக் காரணம் அதுதான்: காலத்தில் நடந்து மறைந்துபோன மாற்றம், இடத்தில் விரித்து வைத்ததுபோல முழுதாகக் கிடைக்கிறது.

பச்சைக் கதிர்க்குருவிக்கு மலை என்பது திபெத்திய மேட்டுநிலம். மரமில்லாத அந்த உயரத்தில் இது வாழாது. இமயத்தின் தென்சரிவுக் காடுகளில் 'ட்ரோகிலாய்டிஸ்' என்ற துணைச்சிற்றினம். மேற்கே காஷ்மீர்ப் பக்கம் 'லட்லோவி'. அங்கிருந்து வடக்கே மத்திய ஆசிய மலைகள் வழியாகச் சைபீரியா வரை 'விரிடானஸ்'. கிழக்குக் கையில் சீனத்து மலைகளில் 'அப்ஸ்குராட்டஸ்', அதற்கு வடக்கே கிழக்குச் சைபீரியாவில் 'ப்ளம்பெய்டார்சஸ்'. மத்திய சைபீரியாவில் விரிடானஸும் ப்ளம்பெய்டார்சஸும் ஒரே காட்டில் கூடு கட்டுகின்றன. முன்னதன் சிறகில் ஒரு வெளிர் கோடு, பின்னதற்கு இரண்டு. காக்கசஸ் மலைகளில் 'நிட்டிடஸ்' என்று சற்று மஞ்சளோடிய ஒன்று தனித்திருக்கிறது; சிலர் அதைத் தனிச் சிற்றினமாகவே வைக்கிறார்கள்.

இந்தப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. வடக்கே இனப்பெருக்கம் செய்யும் பறவைகளுக்கான பெயர்களில் முக்கியமானவை வங்காளத்தில் பிறந்தன. கல்கத்தாவுக்கு வந்துபோன ஸ்வீடன் நாட்டுச் சுண்டவால் 1837-இல் ட்ரோகிலாய்டிஸைப் பெயரிட்டார். ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக அங்கே இருந்த எட்வர்ட் பிளைத் 1843-இல் விரிடானஸையும் நிட்டிடஸையும் பெயரிட்டார். குளிர்காலத்து விருந்தாளிகளை வைத்தே வீட்டுக்காரர்களின் குலப்பெயர் எழுதப்பட்டது. லட்லோவிக்கு 1931-இல் பெயர் வைத்த ஹியூ விஸ்லர் பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்த வெர்னே பறவைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் அவரே.

விஸ்லரின் நண்பர் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட், தொழிலால் மருத்துவர். 1938-இல் இந்தக் கதிர்க்குருவிப் பேரினம் முழுவதையும் பற்றி அவர் எழுதிய நூலை லண்டன் அருங்காட்சியகம் வெளியிட்டது. பாடம் செய்த தோல்களை ஊர்வாரியாக வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, தெற்கிலிருந்து இரு கையாக வடக்கே போகப் போக நிறமும் சிறகுக் கோடும் படிப்படியாக மாறுவதும், வடமுனையில் இரண்டு கையும் கலக்காமல் அருகருகே இருப்பதும் அவருக்குத் தெரிந்தன. இமயத்தில் தொடங்கிய ஓரினம் இருபுறமும் ஏறிச் சென்றது என்று அவர் ஊகித்தார். 1942-இல் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் தன் நூலில் அதை எடுத்தாண்ட பிறகு அது பாடநூலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அசாத்தியமான காரியம். பறவை பாடிக் கேட்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை. வெள்ளைப் பாஷாணம் தடவிப் பஞ்சடைத்த தோலும், காலில் நூலால் கட்டிய சீட்டும்தான் ஆதாரம்.

அந்தச் சீட்டுதான் எல்லாம் என்பேன். தேதி, ஊர், உயரம், ஆணா பெண்ணா, பிடித்தவர் பெயர். வளையச் சிற்றின ஆய்வில் தோலைவிடச் சீட்டுக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் கேள்வியே 'எது, எங்கே' என்பதுதான். சீட்டு பொய் சொன்னால் என்னாகும் என்பதற்கும் இந்தியப் பறவையியலில் ஓர் உதாரணம் இருக்கிறது. கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் பிறர் சேகரித்த தோல்களைத் திருடி, தான் பிடித்ததாக வேறு ஊரும் வேறு தேதியும் எழுதிவைத்தவர். காட்டுச் சிற்றாந்தை என்ற அரிய ஆந்தையின் தோல் ஒன்றில் அவர் செய்த மோசடியைப் பமீலா ராஸ்முசனும் நைஜல் காலரும் 1999-இல் விரிவாக நிறுவினார்கள். பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய தோல்களின் ஊர்களை நம்பித் தேடியதால்தான் 1997-இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை திரும்பவும் கண்ணில் பட்டது. வளையத்தின் நடுவே ஒரு சீட்டு மாறினால் அங்கே இல்லாத உடைப்பு தெரியும், அல்லது இருக்கிற உடைப்பு மறையும்.

தோலின் நிறமும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. இழுப்பறைக்குள் இருந்தாலும் பச்சை மங்கும், பல இறகுகள் ஆண்டுக்கணக்கில் செம்பழுப்பேறும். நூற்றாண்டுத் தோலையும் நேற்றைய தோலையும் அருகில் வைத்து 'இது பச்சை குறைவு' என்றால் அது இடத்தின் வித்தியாசமா காலத்தின் வித்தியாசமா? டைஸ்ஹர்ஸ்ட் காலத்தாருக்கு இதைத் தாண்ட வழியிருக்கவில்லை.

வழி 1984-இல் திறந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலன் வில்சனின் ஆய்வகத்தார், அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை வகையின் அருங்காட்சியகத் தோலில் ஒட்டியிருந்த தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் படித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குள், டி.என்.ஏ. துண்டுகளைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பாலிமரேஸ் தொடர்வினை வந்த கையோடு, அதே பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்த கங்காரு எலித் தோல்களையும், அவை பிடிபட்ட அதே இடங்களில் புதிதாகப் பிடித்த எலிகளையும் மரபணுவால் ஒப்பிட்டார்கள். 1908-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல், தன் சேகரிப்பின் உண்மையான பயன் தன் காலத்துக்குப் பின் வருகிறவர்களுக்கே தெரியும் என்ற எண்ணத்தோடு ஒவ்வொரு தோலுக்கும் நாட்குறிப்பு எழுதியவர். டி.என்.ஏ.வைப் படிக்க முடியும் என்பதையே அறியாத மனிதர் டி.என்.ஏ. ஆய்வுக்குத் தயார் செய்து வைத்துவிட்டுப் போனார்.

பறவைத் தோலில் கைவைக்க உகந்த இடம் காலடி. விரலின் அடித்திண்டிலிருந்து அரிசி நொய்யளவு சீவி எடுப்பார்கள். வெளித்தோற்றத்துக்குப் பழுது வராது, பாஷாணமும் அங்கே குறைவு. கிடைப்பது உடைந்த சரடுகள். உயிருள்ள பறவையின் இரத்தத்தில் பல்லாயிரம் எழுத்து நீளத்துக்குக் கிடைக்கும் டி.என்.ஏ., இங்கே பெரும்பாலும் நூறு, இருநூறு எழுத்துத் துண்டுகளாக இருக்கும். துண்டின் முனைகளில் சி என்ற எழுத்து வேதிமாற்றத்தால் டி ஆகப் படிக்கப்படும். இது சேதமா, உண்மையான மரபு மாற்றமா என்று பிரித்தறிய வேண்டும். தொட்டவர்களின் டி.என்.ஏ.வும் பக்கத்துத் தோலின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கும். அதனால் புதிய இரத்த மாதிரிகள் நுழையாத தனி அறையில் வேலை. உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எளிதில் கிடைக்கும், உட்கருவின் டி.என்.ஏ. பிரதி இரண்டே. நீண்ட காலம் ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியாவையே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை எங்கே இடறியது என்று பச்சைக் கதிர்க்குருவியே காட்டும்.

அதற்கு முன் மற்ற வளையங்கள் என்னாயின என்று பார்த்துவிடலாம். வட துருவத்தைச் சுற்றிய கடற்காகங்கள்தான் பாடநூல்களின் பழைய செல்லப்பிள்ளை. ஐரோப்பாவில் வெள்ளிக் கடற்காகமும் கருமுதுகுக் கடற்காகமும் கலக்காமல் வாழ, சைபீரியா, வட அமெரிக்கா வழியாக அவற்றை இணைக்கும் சங்கிலி இருப்பதாகச் சொன்னார்கள். 2004-இல் லீபர்ஸ், டி நைஃப், ஹெல்பிக் மூவரும் மைட்டோகாண்ட்ரியா ஆதாரத்தோடு அதை உடைத்தார்கள். அது ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றி வந்த கூட்டமல்ல. வட அட்லாண்டிக்கில் ஒன்று, ஆரல்-காஸ்பியன் பகுதியில் ஒன்று என்று இரண்டு ஊற்றுக்கண்கள். அமெரிக்கப் பறவை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கு வந்து வளையத்தை மூடவே இல்லை. நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் ஹியூக்ளின் கடற்காகம் அந்த ஆரல்-காஸ்பியன் கிளையைச் சேர்ந்தது.

பட்டாணிக்குருவி வளையம் நமக்கு இன்னும் நெருக்கம். ஐரோப்பாவில் மஞ்சள் வயிற்றுப் பெரும் பட்டாணி, ஈரான் வழியாக இந்தியாவில் சாம்பல் நிறத்தது, அங்கிருந்து சீனாவில் ஒன்று, பிறகு அமூர் ஆற்றங்கரையில் ஐரோப்பியப் பறவையோடு சந்திப்பு. சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் நாம் பார்க்கும் சாம்பல் பட்டாணிக்குருவி அந்தச் சங்கிலியின் தெற்குக் கண்ணி என்று கருதப்பட்டது. மரபணு ஆய்வு இக்கூட்டங்கள் நெடுங்காலம் தனித்தனியே பிரிந்திருந்து பின்னர்தான் எல்லைகளில் தொட்டுக்கொண்டன என்று சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ரோசெல்லாக் கிளிகளும் 2008-இல் இதே கதிக்கு ஆளாயின.

தப்பியவற்றில் ஒன்று கலிபோர்னியாவின் என்சட்டீனா என்ற நுரையீரலில்லாத சாலமாண்டர். நடுச் சமவெளியைச் சுற்றி இரு மலைத்தொடர்களில் இறங்கும் அதன் வளையத்தை ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1949-இல் விவரித்தார். டேவிட் வேக்கும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் மரபணுவால் துருவியதில், சங்கிலி ஒரே சீராக ஓடவில்லை, ஆங்காங்கே பழைய பிரிவுகளும் பிந்தைய கலப்பும் உண்டு என்று தெரிந்தது. ஆயினும் வளையத்தின் மொத்த உருவம் நின்றது. செடிகளில் முதல் வளையமாக 2012-இல் முன்வைக்கப்பட்டது கரீபியக் கடலைச் சுற்றிய ஒரு கள்ளிவகை. தண்டு கோணலும் மாணலுமாக வளரும், கிள்ளினால் பால் வடியும், தமிழ்நாட்டில் வேலியோரத்திலும் பூந்தொட்டியிலும் சர்வசாதாரணமாகக் கிடக்கும் அதே செடிதான். எத்தனையோ பேர் வீட்டு வாசலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

இனிப் பச்சைக் கதிர்க்குருவி. 1990-களில் டேரன் எர்வின் என்ற இளம் ஆய்வாளர் மணாலி, கீலாங், நேபாளத்து லாங்டாங், சீனத்து எமெய் மலை, சைபீரியக் காடுகள் என்று வளையத்தைச் சுற்றி ஆண் பறவைகளின் பாட்டைப் பதிந்து, மெல்லிய வலையில் பிடித்து இரத்தம் எடுத்தார். 2001-இல் ஸ்டஃபான் பென்ஷ், ட்ரெவர் ப்ரைஸ் ஆகியோருடன் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் என்னைக் கவர்ந்தது பாட்டுப் பகுதிதான். இமயத்தில் பாட்டு சிறிது, எளிது. வடக்கே போகப் போக இரு கையிலும் நீண்டு சிக்கலாகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியில் சிக்கலாகின்றன. சைபீரியாவில் ஒன்றின் பாட்டை ஒலிபெருக்கியில் விட்டால் மற்றது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாட்டால் துணை தேடும் பறவைக்கு அதுவே சுவர்.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா மேற்கு இமயத்தில் ஓர் உடைப்பைக் காட்டியது: மேற்குக் கூட்டம் ஒன்று, கிழக்குக் கூட்டம் ஒன்று, நடுவில் லட்லோவிகளில் இரண்டும். அங்கே ஒரு காலத்தில் வளையம் அறுந்திருந்ததா? கணினிப் பாவனைகளைக் கொண்டு எர்வின் 2002-இல் ஒரு விடை சொன்னார். தாய்வழியாக மட்டும் இறங்கும் டி.என்.ஏ.வில், எந்தத் தடையும் இல்லாமலே, பறவைகள் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாவிட்டாலே இப்படி உடைப்புகள் தோன்றலாம். 2005-இல் உட்கரு டி.என்.ஏ.வின் பல இடங்களைக் கொண்டு, வளையத்தின் வழியே தூரம் கூடக்கூட மரபணு வேறுபாடும் கூடுகிறது என்று காட்டியபோது வளையம் வென்றதாகவே பலரும் நினைத்தார்கள்.

2014-இல் அல்கைடே, ஸ்கோர்டாட்டோ, ப்ரைஸ், எர்வின் நால்வரும் மரபுத்தொகுதி முழுவதிலும் சிதறிய 2,000-க்கு மேற்பட்ட புள்ளிகளைப் படித்து, தம் பழைய முடிவையே திருத்தினார்கள். மேற்கு இமயத்தில் உண்மையாகவே நீண்ட காலப் பிரிவு இருந்திருக்கிறது. இன்று அங்கே காண்பது பிரிந்தவை மறுபடி சேர்ந்த அகலமான கலப்பு மண்டலம். அதாவது முன்பு சமாதானம் சொல்லிக் கடந்த மைட்டோகாண்ட்ரியா உடைப்பு முழுப் பொய்யல்ல. சைபீரியாவிலும் இரு முனைகளும் எப்போதாவது கலந்திருக்கின்றன; கலந்த மரபணு ஒரு பக்கமாகச் சிறிது கசிந்திருக்கிறது; ஆனால் இரண்டும் கரைந்து ஒன்றாகவில்லை.

பரிணாம உயிரியலாளர் ஜெரி காய்ன் இதைப் படித்துவிட்டு, நம்பத்தக்க வளையச் சிற்றினம் இனி ஒன்றுகூட மிச்சமில்லை என்று எழுதினார். நான் அந்தப் பக்கம் சாயவில்லை. எர்வினும் சகாக்களும் 2001-இல் எழுதிய ஒரு தொகுப்புரை இருபதுக்கும் மேற்பட்ட வளைய வழக்குகளைப் பரிசீலித்தது; அப்போதே குற்றமில்லாத வளையம் அரிது என்பது தெரிந்திருந்தது. பனியுகங்கள் வந்து காடுகளைச் சுருக்கி விரித்த ஒரு கண்டத்தில், பல லட்சம் ஆண்டுகள் ஓரிடத்திலும் அறாத சங்கிலியை எதிர்பார்த்தது நம் அதிகப்படி. மரபணு செய்த உதவி வேறு: 'வளையமா இல்லையா' என்ற ஆம்-இல்லைக் கேள்வியை 'எங்கே, எப்போது அறுந்தது, ஒட்டியபோது எவ்வளவு கலந்தது' என்ற அளவுக் கேள்வியாக மாற்றியது. மேற்கு இமயத்தில் பிரிந்திருந்தவை சேர்ந்தபோது பாட்டும் நிறமும் இன்னும் ஒத்திருந்ததால் தாராளமாகக் கலந்தன; சைபீரியாவில் சேர்ந்தபோது வேறுபாடு முற்றியிருந்ததால் கலக்கவில்லை. ஒரே உயிரிடத்தில் இரண்டு விளைவும் பக்கம் பக்கமாகக் கிடைப்பது, பாடநூலின் பழுதற்ற வளையத்தைவிடப் பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

தீராத இடம் ஒன்று கிழக்குக் கையில் இருக்கிறது. அப்ஸ்குராட்டஸுக்கும் ப்ளம்பெய்டார்சஸுக்கும் நடுவே, வட சீனத்தில், இன்று இந்தப் பறவை கூடு கட்டாத ஓர் இடைவெளி. அங்கே இருந்த காடு மனிதரால் அழிந்ததன் விளைவாக இருக்கலாம் என்பது கருத்து. இல்லாத பறவையிடம் இரத்தம் எடுக்க முடியாது. அந்த வட்டாரத்தில் முன்னொரு காலத்தில் சுட்டுப் பாடம் செய்யப்பட்ட தோல் உலகின் எந்த இழுப்பறையில் இருந்தாலும் அதன் விரலடித் திண்டுதான் பேச வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: இனப்பெருக்க மாதத்தில் எடுத்ததா, வலசையில் கடந்துபோனபோது எடுத்ததா என்று தேதி சொல்ல வேண்டும். மறுபடி சீட்டு.

நம் பக்கம் இந்தக் கருவிகள் சும்மா இருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வளையமல்ல, நேர்கோடு. ஆனால் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அதை அறுக்கின்றன. சோலைக்காட்டுப் பறவைகளை வி.வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் சகாக்களும் மரபணுவால் ஆராய்ந்து கணவாய்களின் பழைய பிரிவைக் காட்டினார்கள். 2017-இல் 'ஷோலிகோலா', 'மாண்டிசின்க்லா' என்ற இரு புதிய பேரினங்கள் அதிலிருந்தே வந்தன. ஈழத்தில் வடக்கே யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் பொன்முதுகு மரங்கொத்தி; தெற்கே செம்முதுகு; நடுவில் ஆரஞ்சும் கலவையுமாக ஒரு பட்டை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்தினவும் சமிந்த பெர்னாண்டோவும் இந்தக் கலப்பை ஆராய்ந்து 2016-இல் செம்முதுகைத் தனிச் சிற்றினமாக ஏற்க வேண்டும் என்றபோது, கூட எழுதியவர் அதே டேரன் எர்வின்.

குறை எங்கே என்றால் இழுப்பறையில். பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பு மட்டும் 80,000-த்துக்கு மேல். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883 முதல். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தோல் சேர்வது ஏறக்குறைய நின்றது. சுடுவது நின்றதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு இறகோ ஒரு துளி இரத்தமோ மரபணுவுக்குப் போதும். செத்தவற்றை ஏன் விடுகிறோம் என்பதே என் கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்ணாடிச் சுவரில் மோதி விழும் சிறுபறவைகள் எறும்புக்குப் போகின்றன. அனுமதியில்லாமல் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. முறையாக எடுத்துச் சீட்டுக் கட்டி வைக்க அக்கறையுள்ள ஏற்பாடும் ஊருக்கு ஊர் இல்லை. அந்தச் சட்டத்தின் வயதுக்கு இணையான ஓர் இடைவெளி நம் இழுப்பறைகளில் விழுந்திருக்கிறது, வட சீனத்து இடைவெளி போல.

குளிர்காலப் பறவையைக் கவனித்தவர்களும் உண்டு. முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டி 1990-களில் இதே கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்தார். இங்கே வருபவை மேற்குக் கையைச் சேர்ந்தவை: விரிடானஸும், காக்கசஸ் நிட்டிடஸும். சைபீரியாவில் விரிடானஸுக்குப் பக்கத்து மரத்தில் கூடு கட்டும் ப்ளம்பெய்டார்சஸ் இங்கே வருவதில்லை. இலையுதிர்காலம் வந்ததும் விரிடானஸ் திபெத்தை மேற்கே சுற்றி இந்தியாவுக்கு இறங்குகிறது. ப்ளம்பெய்டார்சஸ் கிழக்கே சுற்றித் தாய்லாந்து, இந்தோசீனப் பக்கம் போகிறது. கலப்பில் பிறந்த குஞ்சு எந்தப் பக்கம் திரும்பும், நடுவே மேட்டுநிலத்துக்கு நேராகப் பறந்து மாட்டிக்கொள்ளுமா என்ற கேள்வியை எர்வின் எழுப்பியிருக்கிறார். அவர் ஊகம் சரியென்றால், முன்னோர் இமயத்திலிருந்து மேலேறிய வழியையே ஒவ்வொரு கையும் ஆண்டுதோறும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் புளியமரத்தில் இப்போது கூப்பிடுவதன் பக்கத்து வீட்டுக்காரர், ஆனி மாதம் ஒரே காட்டில் இருந்தவர், வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் வேறொரு மரத்தில் புழு தேடிக்கொண்டிருக்கிறார்.